ஆறு மாதக் கெடு வாங்கியவர் கண்ட ராலே சைக்கிள்

மில் சங்கு ஊதும். ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் சந்துகளில் இருந்து சைக்கிள்கள் வரிசையாக வெளியே வரும். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு. ஹேண்டில்பாரில் மஞ்சள் பை. சில பேர் பின்னி மில்லுக்குப் போவார்கள். சில பேர் மினர்வா மில்லுக்கு. இன்னும் சில பேர் ஜாலஹள்ளி வரை மிதிப்பார்கள். 1950, 1960-களில் பெங்களூரில் வேலை செய்த தமிழனுக்குக் குதிரையும் அதுதான், தேரும் அதுதான்.

அந்தக் கூட்டத்தில் எத்தனையோ சைக்கிள்கள் இருந்தன. ஹெர்குலிஸ் உண்டு. பிலிப்ஸ் உண்டு. ஹம்பர் உண்டு. ஆனால் ராலே என்றால் தனி மரியாதை. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு ராலே சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள் என்றால் ஊரில் அது ஒரு பேச்சு. கடன் கேட்டு வருபவனுக்குப் பணம் கொடுத்தாலும் கொடுப்பார்கள், ராலே சைக்கிளை இரவல் கொடுக்க மாட்டார்கள்.

ராலேயின் கழுத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் நீண்ட மூக்குடன் ஒரு பறவையின் தலை. அது நாரை. வாரம் தவறாமல் எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தவர்களில் பலருக்கு, அந்த நாரை யாருடையது என்று தெரியாது.

அது ஒரு குடும்பத்தின் சின்னம். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர், டாக்டரிடம் ஆறு மாதக் கெடு வாங்கிய ஒரு நோயாளி. அவர் பெயர் பிராங்க் போடன்.

ஹாங்காங்கில் சேர்த்த பணம்

1848-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர் போடன். வாலிப வயதிலேயே பிழைப்புத் தேடிக் கடல் தாண்டினார். அவர் போய்ச் சேர்ந்த இடம் ஹாங்காங்.

அப்போது அது வளர்ந்து வரும் துறைமுகம். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. போடன் நிலத்திலும் கட்டடத்திலும் பணம் போட்டார். போட்ட பணம் பெருகியது. நாற்பது வயதைத் தொடும் முன்பே பெரிய பணக்காரர் ஆகிவிட்டார். அமெரிக்கப் பெண் ஒருத்தியை மணந்தார். 1880-ல் ஹெரால்டு என்ற மகன் பிறந்தான்.

பணம் வந்தது. உடம்பு போனது. வெளிநாட்டு வாழ்க்கையும் ஓயாத உழைப்பும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளின. இங்கிலாந்து திரும்பினார். டாக்டர்கள் கைவிரித்தார்கள். இன்னும் ஆறு மாதம்தான் என்று ஒரு டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரு டாக்டர் மட்டும் வேறு யோசனை சொன்னார். மருந்தை நம்பி வீட்டுக்குள் படுத்திருக்க வேண்டாம், வெளியே போய் சைக்கிள் மிதிக்கலாம் என்பது அவர் யோசனை. ராலே கம்பெனி வழிவழியாகச் சொல்லி வந்த வரலாறு இது.

போடன் மிதித்தார். முதலில் கொஞ்ச தூரம். பிறகு ஊர் விட்டு ஊர். மூச்சு சீரானது. பசி எடுத்தது. ஆறு மாதம் கடந்தது. அவர் சாகவில்லை.

மூன்று பேர், ஒரு பட்டறை

உயிர் கொடுத்த வண்டியைச் செய்தவர்கள் யார் என்று பார்க்க அவருக்கு ஆசை. சைக்கிள் நாட்டிங்காம் நகரில் செய்யப்பட்டது. தேடிப் போனார்.

நாட்டிங்காம் அப்போது லேஸ் துணிக்குப் பேர் போன ஊர். அங்கே ராலே தெரு என்று ஒரு தெரு. எலிசபெத் மகாராணி காலத்து மாலுமி சர் வால்ட்டர் ராலேயின் பெயரைத் தாங்கிய தெரு அது. அந்தத் தெருவில் ஒரு சிறிய பட்டறை. உட்ஹெட், ஆங்குவா, எல்லிஸ் என்று மூன்று பங்காளிகள். சுமார் பன்னிரண்டு ஆட்கள் வேலை செய்தார்கள். வாரத்துக்கு மூன்று சைக்கிள் வெளியே வந்தது.

மூன்றே மூன்று! ஆனால் போடனின் வியாபாரக் கண் அந்தப் பட்டறையின் எதிர்காலத்தைப் பார்த்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. அதுவரை இருந்த சைக்கிளில் முன் சக்கரம் ஆள் உயரம், பின் சக்கரம் தட்டு அளவு. விழுந்தால் மண்டை உடையும். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் கோவென்ட்ரி நகரில் புது மாதிரி வண்டியைக் கொண்டு வந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. பின் சக்கரத்துக்குச் செயின். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தார். இனி சர்க்கஸ்காரன் மட்டும் அல்ல, குமாஸ்தாவும் சைக்கிள் ஏறலாம் என்ற நிலை வந்தது.

போடன் பட்டறையில் பணம் போட்டார். 1888 கடைசியில் அது ராலே சைக்கிள் கம்பெனி ஆனது. பணம் போட்டவர் தன் பெயரை வைக்கவில்லை. தெருவின் பெயரே நிலைத்தது. தன் குடும்பச் சின்னமான நாரைத் தலையை மட்டும் பிற்பாடு வண்டியின் கழுத்தில் ஏற்றினார்.

உலகத்தில் பெரியது

போடனுக்குச் சைக்கிள் செய்யத் தெரியாது. விற்கத் தெரியும். அதைவிட முக்கியம், வேலை தெரிந்தவனை அடையாளம் காணத் தெரியும்.

ராலே தெருவுக்குப் பக்கத்திலேயே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றைப் பிடித்தார். லேஸ் நெய்த இடத்தில் சைக்கிள் செய்தார்கள். சிம்மர்மேன் என்ற அமெரிக்கப் பந்தய வீரர் 1892-ல் ராலே ஏறிப் பல பந்தயங்களில் வென்றார். மறு ஆண்டு அவர் உலக சாம்பியனும் ஆனார். போடன் சும்மா இருப்பாரா? சிம்மர்மேன் படம் போட்ட விளம்பரம் எங்கும் பறந்தது.

1896-ல் லென்டன் பகுதியில் புதிய தொழிற்சாலை எழுந்தது. ஏழரை ஏக்கர் நிலம். 850 தொழிலாளர்கள். ஆண்டுக்கு 30,000 சைக்கிள்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய சைக்கிள் தொழிற்சாலை அதுதான். வாரத்துக்கு மூன்று என்று தொடங்கி எட்டே ஆண்டுகள்!

ஏற்றத்துக்குப் பிறகு இறக்கம் வந்தது. 1896-ல் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தது. பங்குச் சந்தையில் சைக்கிள் கம்பெனி என்று பெயர் வைத்தாலே பணம் கொட்டியது. இரண்டே ஆண்டுகளில் மோகம் வடிந்தது. சரக்கு தேங்கியது. எத்தனையோ கம்பெனிகள் படுத்தன. ராலேயும் தள்ளாடியது.

போடன் இரண்டு காரியம் செய்தார். அமெரிக்க முறையில் தகட்டை அச்சில் அழுத்தி உருப்படிகள் செய்யும் இயந்திரங்களைக் கொண்டு வந்தார். அடக்க விலை குறைந்தது. அடுத்து, மோட்டார் சைக்கிளிலும் கை வைத்தார். அதில் நஷ்டம். நஷ்டம் என்று தெரிந்ததும் வீம்பு பிடிக்காமல் நிறுத்திவிட்டார். தெரிந்த தொழிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பெயர் இழந்த வேலைக்காரர்

போடன் வாழ்க்கையில் இன்னொரு பெரிய காரியம், மூன்று வேக கியர். மேடு ஏறும்போது லேசாக, சமதரையில் வேகமாக. பின் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே அந்தப் பற்சக்கரங்கள் அடங்கிவிடும். 1902-ல் இதற்காகத் தனிக் கம்பெனி தொடங்கினார். கியருக்கு ஸ்டர்மி ஆர்ச்சர் என்று பெயர். ஹென்றி ஸ்டர்மி சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். ஜேம்ஸ் ஆர்ச்சர் இயந்திர வேலைக்காரர்.

ஆனால் அந்தக் கியருக்கு உண்மையில் மூளையாக இருந்தவர் வில்லியம் ரெய்லி என்ற மூன்றாவது ஆள். அவர் ஏற்கெனவே வேறு ஒரு கம்பெனிக்கு இரண்டு வேக கியர் செய்து கொடுத்தவர். இனி கண்டுபிடிக்கும் கியர்களின் உரிமையும் தங்களுக்கே என்று அந்தக் கம்பெனி எழுதி வாங்கியிருந்தது. அதனால் புதிய கியரை ரெய்லி தன் பெயரில் பதிவு செய்ய முடியவில்லை. கூட வேலை பார்த்த ஆர்ச்சர் பெயரில் பதிவானது.

லட்சக்கணக்கான சக்கரங்களில் ஸ்டர்மி பெயரும் ஆர்ச்சர் பெயரும் பொறிக்கப்பட்டன. ரெய்லி பெயர் எங்கும் இல்லை. ஒரு கையெழுத்து ஒரு மனிதனின் பெயரையே அழித்துவிட்டது. ஒப்பந்தக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் ரெய்லியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதே போலப் பெயர் குழப்பம் இன்னொன்றும் உண்டு. பிரேக் ஒயருக்கு ஆங்கிலத்தில் போடன் கேபிள் என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் ராலே போடன் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. அவர் எர்னஸ்ட் போடன் என்ற வேறு ஒருவர்.

33 ஆண்டுகள் உபரி

போடன் கடைசி வரை சைக்கிளின் புகழ் பாடினார். உடல் நலத்துக்குச் சைக்கிள் எப்படி உதவும் என்று சிறு நூல் எழுதினார். முதல் உலகப் போர் வந்தது. ராலே தொழிற்சாலையில் போர்த் தளவாடங்கள் செய்தார்கள். 1915-ல் அவருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. பட்டறை தேடிப் போன நோயாளி சர் பிராங்க் போடன் ஆனார்.

1921 ஏப்ரலில் காலமானார். வயது 73. டாக்டர் கொடுத்தது ஆறு மாதம். அதற்கு மேல் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 33 ஆண்டுகள். ராலே செய்த விளம்பரங்களில் இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

மகன் சர் ஹெரால்டு 1938 வரை கம்பெனியை நடத்தினார். 1932-ல் ஹம்பர் சைக்கிளை ராலே வாங்கியது. பிறகு ரட்ஜும் வந்து சேர்ந்தது. 1951-ல் ஆண்டு உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. பெரும் பகுதி கப்பல் ஏறி ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் போனது. ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு ராலேதான் சோறு போட்டது என்று நாட்டிங்காமில் சொல்லும் அளவுக்கு ஆட்கள் பெருகினார்கள்.

எல்லாருக்கும் அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து பிழைக்க வந்த கறுப்பு நிறத் தொழிலாளர்களுக்கு 1950-களில் அங்கே வேலை மறுக்கப்பட்டது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. ராலே சைக்கிள் ஜமைக்காவில் விற்கிறது, ஆனால் ஜமைக்காக்காரனுக்கு ராலேயில் வேலை இல்லையா என்று கேட்டார்கள். ஜமைக்கா அரசியல் தலைவர்கள் வரை விஷயம் போனது. பின்னர் கதவு திறந்தது. வேறு ஊரில் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

இந்தியாவில் ராலே

இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு வெளிநாட்டு சைக்கிளுக்குக் கட்டுப்பாடு வந்தது. வண்டி விற்க வேண்டும் என்றால் இங்கேயே செய்ய வேண்டும். கல்கத்தா சைக்கிள் வியாபாரி சுதிர்குமார் சென், ராலேயுடன் கூட்டுச் சேர்ந்தார். மேற்கு வங்காளத்தில் ஆசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை 1950-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. பெங்களூரில் ஓடிய ராலேக்களில் பல அங்கே பிறந்தவை.

தமிழ்நாட்டிலும் அதே கதை. முருகப்பா குடும்பத்தார் பர்மிங்காம் நகரின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து, 1949-ல் டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அம்பத்தூர் தொழிற்சாலையில் இருந்து ஹெர்குலிஸ் வந்தது. பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களிலும் சைக்கிள்கள் வந்தன. 1956-ல் லூதியானாவில் முஞ்சால் சகோதரர்கள் ஹீரோ சைக்கிளைத் தொடங்கினார்கள். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் கமாலியாவை விட்டு வந்து பிழைத்தவர்கள் அவர்கள். 1986-ல் உலகத்திலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி ஹீரோ என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது.

வாங்கியவர்கள் தாங்களே செய்யத் தொடங்கினால் விற்றவன் என்ன ஆவான்? ராலேயின் சரிவு அங்கேதான் தொடங்கியது.

சரிவு

இங்கிலாந்திலேயே தொழிலாளி கையில் காசு புழங்கியது. சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மாறினான். உள்ளூர் விற்பனை படுத்தது. வெளிநாட்டுச் சந்தை கை நழுவியது. 1957-ல் ராலே பி.எஸ்.ஏ. சைக்கிளை வாங்கியது. 1960-ல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வசம் போனது. ஆம், அம்பத்தூர் ஹெர்குலிசுக்குக் கூட்டாளியான அதே கம்பெனிதான். எதிரிகளாக நின்ற ஹெர்குலிஸ், பிலிப்ஸ், ராலே மூன்றும் ஒரே கூரைக்குள் வந்தன. சண்டை போடவேண்டிய எதிரி இல்லாமல் போனான். விழிப்பும் குறைந்தது.

நடுவில் வெளிச்சம் வராமல் இல்லை. 1970-ல் சாப்பர் என்ற பையன்கள் சைக்கிள் வந்தது. உயர்ந்த ஹேண்டில்பார், நீண்ட சீட்டு. லட்சக்கணக்கில் விற்றது. 1980-ல் ராலே அணி வீரர் ஜூப் ஜூட்டமெல்க், பிரான்சைச் சுற்றும் பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்தார். ஆனால் பந்தயத்தில் ஜெயித்த வண்டி கணக்கில் தோற்றது. தைவான் சைக்கிள்கள் பாதி விலைக்கு வந்து இறங்கின. மலைப் பாதையில் ஓட்டும் புது ரக சைக்கிள் அமெரிக்காவில் பிறந்தபோது ராலே அதைத் தாமதமாகத்தான் கவனித்தது.

1987-ல் ராலே கைமாறியது. டெர்பி சைக்கிள் என்ற கம்பெனி வாங்கியது. 1999-ல் நாட்டிங்காமில் பிரேம் செய்வது நின்றது. இயந்திரங்கள் ஏலம் போயின. ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் தொழில் தைவான் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. 2002 நவம்பரில் சைக்கிள் பூட்டும் வேலையும் முடிந்தது. கடைசி ஷிப்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை வேலை செய்த குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்கு அன்று கதவு சாத்தப்பட்டது.

தொழிற்சாலை இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிற்கிறது. ராலே என்ற பெயர் மட்டும் பிழைத்தது. 2012-ல் ஹாலந்து நாட்டு ஆக்செல் கம்பெனி அந்தப் பெயரை வாங்கியது. ஆசன்சோல் சென்-ராலே நஷ்டத்தில் விழுந்தது. 1980-ல் மத்திய அரசின் இந்திய சைக்கிள் கார்ப்பரேஷன் ஆனது. அதுவும் பிற்பாடு மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், பர்மிங்காமில் மறைந்துபோன ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்கள் இந்தியாவில் இன்றும் சைக்கிளில் ஓடுகின்றன.

நாரை பறந்தது

பெங்களூர்க்காரர்களுக்கு இந்தச் சரித்திரம் தூரத்துச் செய்தி அல்ல. பின்னி மில் சங்கு ஓய்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ராலேயோடு சேர்த்துக் கொடுத்த எச்.எம்.டி. கைக்கடிகாரம் 1961-ல் இந்த ஊரில்தான் பிறந்தது. 2016-ல் அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட முடிவானது. பெரிய கேட்டும் பெரிய பெயரும் இருந்தால் கம்பெனி நிரந்தரம் என்று நம்பியவர்கள் நாட்டிங்காமிலும் இருந்தார்கள், இங்கேயும் இருந்தார்கள்.

பிராங்க் போடன் அப்படி நம்பியவர் அல்ல. ஆறு மாதக் கெடுவைக் கேட்டவருக்கு எதுவும் நிரந்தரம் அல்ல என்று தெரியும். அதனால்தான் மோகம் வடிந்தபோது புதிய இயந்திரம் தேடினார். நஷ்டத்தைக் கண்டபோது நிறுத்தினார். நல்ல யோசனை யாரிடம் இருந்தாலும் விலை கொடுத்து வாங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் கட்டிய கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். அவருடைய பயத்தைக் காப்பாற்றவில்லை.

ஒக்கலிபுரத்திலோ ஸ்ரீராமபுரத்திலோ ஏதாவது ஒரு பழைய வீட்டின் திண்ணை ஓரத்தில் ராலே ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கலாம். டயர் காற்றிறங்கி, செயின் துருவேறி இருக்கலாம். கழுத்துத் தகட்டைக் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தால் நாரைத் தலை தெரியும். அந்த வண்டி எத்தனை ஷிப்டுக்கு ஆளைக் கொண்டுபோய் விட்டது, எத்தனை பிள்ளைகள் அதில் குரங்கு பெடல் போட்டுக் கற்றன, எத்தனை தடவை மாதக் கடைசியில் சேட்டுக் கடை அடகில் இருந்து மீண்டு வந்தது என்று வீட்டுப் பெரியவருக்குத் தெரியும். பிள்ளைகள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.